டெஸ்டோஸ்டிரோன் டெப்போ ஊசி: 250 மூணு வாரம் தாங்குது, 1000 மூணு மாசம் தாங்குது, எப்படிங்க?

மருந்துக்கடை_கோபி:

வணக்கமுங்க. கோபி பக்கம் மருந்துக்கடைல பார்மசிஸ்ட். டெஸ்டோஸ்டிரோன் குறைபாட்டுக்கு எனாந்தேட் 250 மி.கி. ஆம்பூல் மூணு வாரத்துக்கு ஒண்ணுன்னு வாங்கிட்டிருந்த சிலருக்கு இப்பக் கோயமுத்தூர் டாக்டருங்க அண்டெக்கனோயேட் 1000 மி.கி., 4 மி.லி.ன்னு மாத்தி எழுதறாங்க. முதல் ஊசி, ஆறு வாரங் கழிச்சு ரெண்டாவது, அப்பறம் 12 வாரத்துக்கு ஒண்ணு. சீட்டக் கொண்டு வர்றவங்க கேக்கறதுக்குத் தெளிவாப் பதில் சொல்லோணும், அதான் இந்த இழை.

ஒண்ணு, "250 போட்டுட்டிருந்தேன், ஒரேயடியா 1000ஆ? நாலு மடங்கு இல்லீங்களா?"ன்னு பயப்படறாங்க. ரெண்டு, டிப்ளமோ நோட்ஸ்ல "எஸ்டர் மெதுவாக நீராற்பகுப்பு அடைவதால் மருந்து நீடிக்கிறது"ன்னு இருக்கு. அப்படீன்னா அதே அண்டெக்கனோயேட் குளிகையா வர்றப்ப ஏன் ஒரு நாளைக்கு ரெண்டு வேளை முழுங்கோணும்? எங்கியோ இடிக்குது. மூணு, சஸ்டனான்ங்கற டெஸ்டோஸ்டிரோன் ஊசில நாலு எஸ்டரக் கலந்து வெச்சது எதுக்கு? நாலு, ஒருத்தரு ஊட்டுல ஃபிரிட்ஜ்ல இன்சுலினோட சேத்து வெச்சிருக்காரு, உள்ள பொடிப்பொடியாப் படிஞ்சு கெடக்கு. தூக்கிப் போடறதா? கடைசியா, இந்த 4 மி.லி. எண்ணெய ஊருக்குள்ள இருக்கற கிளினிக்ல போட்டுக்கலாமுங்களா, இல்ல எழுதின டாக்டர்கிட்டயே போகோணுமா?


பார்மகாலஜி_பெருந்துறை:

ரெண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது தெளிஞ்சா மத்தது தானா தெளியும். நோட்ஸ்ல இருக்கிற அந்த வரி தப்பு. ஒருத்தர் எழுதினதைப் பார்த்து இன்னொருத்தர் எழுதி எழுதி நிலைச்சுப் போச்சு.

டெஸ்டோஸ்டிரோனோட 17ஆவது கார்பன்ல ஒரு ஹைட்ராக்சில் இருக்கு. அதுல ஒரு கொழுப்பு அமிலத்தை மாட்டினா எஸ்டர். புரோப்பியோனேட்னா 3 கார்பன் வால், எனாந்தேட்னா 7, டெக்கனோயேட்னா 10, அண்டெக்கனோயேட்னா 11. வால் நீள நீள அது தண்ணிக்கு வர மறுத்து எண்ணெயிலயே கிடக்கும். இதை எண்ணெயில கரைச்சு சதைக்குள்ள போட்டா, தசை நார்களுக்கு நடுவுல ஒரு சின்னக் குட்டையாத் தங்கிடும். அங்கிருந்து எஸ்டர் கொஞ்சங்கொஞ்சமா சுத்தியிருக்கிற திசு நீருக்கு வந்தாகணும். தாமதம் பூரா இந்த ஒரு இடத்துலதான். வெளிய வந்துட்டா எஸ்டரேஸ் நொதிகள் வாலை வெட்டி விடறது சட்டுனு முடிஞ்சிடும். வால் போன டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்துல நிக்கிறது நிமிசக் கணக்குதான். அரை ஆயுள், அதாவது பாதியாக் குறைய ஆகிற நேரம், 10இல் இருந்து 100 நிமிசம்.

கீழ்பவானி வாய்க்கால்ல எத்தனை நாளைக்குத் தண்ணி ஓடும்கிறது அணையில ஷட்டரை எவ்வளவு தூக்கியிருக்காங்கங்கிறதைப் பொறுத்தது. வயல் எவ்வளவு வேகமாக் குடிக்குதுங்கிறதைப் பொறுத்தது இல்லை. இங்க ஷட்டர், எண்ணெய்க்கும் தண்ணிக்கும் நடுவுல இருக்கிற அந்த எல்லை. பார்மகோகைனடிக்ஸ்ல இதுக்கு ஃபிளிப்-ஃபிளாப்னு பேரு. சாதாரணமா மருந்து வேகமா உள்ள போயி மெதுவா வெளியேறும்; இதுல உள்ள வர்றதே மெதுவு. அதனால "எனாந்தேட் அரை ஆயுள் நாலரை நாள்"னு படிக்கிறப்ப, அது உடம்பு மருந்தைக் கழிக்கிற வேகம் இல்லை, எண்ணெய் மருந்தை விடற வேகம்.

இதுக்கு ரெண்டு சாட்சி. முதல் சாட்சி நீங்க சொன்ன குளிகை. அதே அண்டெக்கனோயேட், அதே 11 கார்பன். சாப்பாட்டுக் கொழுப்போட சேர்ந்து குடல்ல இருந்து நிணநீர் வழியா ரத்தத்துக்குப் போகுது. அங்க எண்ணெய்க் குட்டை எதுவும் கிடையாது, அதனால சில மணி நேரத்துல காலி. எஸ்டர் உடையறதுதான் மெதுவுன்னா குளிகையும் வாரக்கணக்குல தாங்கியிருக்கணுமே? (கூடவே ஒண்ணு: கொழுப்பில்லாத சாப்பாட்டோட முழுங்கினா இது சரியா ஏறவே ஏறாது. வெறும் வயித்துல சாப்பிட வேண்டாம்னு கட்டாயம் சொல்லி அனுப்புங்க.)

ரெண்டாவது சாட்சி எண்ணெய். சீனாவுல அண்டெக்கனோயேட்டைத் தேயிலை விதை எண்ணெயில கரைச்சுப் போட்டாங்க. அதையே விளக்கெண்ணெயில கரைச்சதோட வெச்சுப் பார்த்தப்ப, அரை ஆயுள் தேயிலை விதை எண்ணெயில சுமார் 20.9 நாள், விளக்கெண்ணெயில 33.9 நாள். எஸ்டர் மாறலை, எண்ணெய் மட்டும் மாறிச்சு, 13 நாள் கூடிப்போச்சு. விளக்கெண்ணெய் ரொம்பக் கெட்டி; ஊசியில ஏற்ற வசதியாவும் மருந்து நல்லாக் கரையவும் பென்சைல் பென்சோயேட் சேர்க்கிறாங்க.

இப்ப நாலு மடங்கு பயம். ஆம்பூல்ல எழுதியிருக்கிற மில்லிகிராம் எஸ்டரோட எடை, வாலும் சேர்த்து. டெஸ்டோஸ்டிரோன் மூலக்கூறு எடை 288.4. எனாந்தேட் 400.6, அதனால அதுல 72% தான் ஹார்மோன். அண்டெக்கனோயேட் 456.7, அதுல 63%. ஆக 250 மி.கி. எனாந்தேட்ல 180 மி.கி. ஹார்மோன், 21 நாளுக்குப் பங்கு போட்டா ஒரு நாளைக்கு 8.6 மி.கி. 1000 மி.கி. அண்டெக்கனோயேட்ல 631.5 மி.கி.; 84 நாளுக்குப் பங்கு போட்டா 7.5 மி.கி. சராசரியில புதுசுதான் கம்மி. உங்ககிட்ட வர்றவங்களுக்கு இந்த ஒரு கணக்கைச் சீட்டுப் பின்னாடி எழுதிக் கொடுத்தாலே பயம் போயிடும். ஆரோக்கியமான ஆணோட உடம்பு தினமும் சுரக்கிறது சுமார் 5, 7 மி.கி. தான்.

சராசரியை விட ஏற்ற இறக்கம்தான் பெரிய வித்தியாசம். நாலரை நாள் அரை ஆயுள்ல 21 நாள் போனா ஒரு ஊசியில மீதி இருக்கிறது 4%. அதாவது முதல் சில நாள் இயல்பு அளவைத் தாண்டி நிக்கும், மூணாவது வாரம் கிட்டத்தட்ட ஒண்ணும் இருக்காது. கடைசி வாரம் சோர்வா இருக்கு, எரிச்சலா வருதுன்னு ஆள் சொன்னா அது மனப்பிரமை இல்லை. 14 நாள் இடைவெளின்னா 12% மீதி, 7 நாள்னா 34%. எனாந்தேட்ல இருந்தாக்கூட 250ஐ மூணு வாரத்துக்கு ஒருக்கா போடறதுக்குப் பதிலா 75, 100 மி.கி. வாராவாரம், இல்லைன்னா 150, 200 மி.கி. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா போடறது நல்லதுன்னு சொல்றது இதனாலதான். 33.9 நாள் அரை ஆயுள்ல 84 நாளுக்கு அப்புறமும் 18% கையில இருக்கும், மேடு பள்ளம் அவ்வளவு தெரியாது.

ஆறாவது வாரத்துல ரெண்டாவது ஊசி எதுக்குன்னா, நிலையான மட்டத்துக்கு வர அஞ்சு அரை ஆயுள் வேணும், 170 நாள், ஏறக்குறைய 24 வாரம். 42ஆவது நாள் முதல் ஊசியில 42% மீதி இருக்கிறப்பவே இன்னொண்ணைப் போட்டா மட்டம் சீக்கிரம் ஏறிடும். அதை விட்டுட்டு நேரா 12 வாரத்துல போட்டா, முதல் ஆறு மாசம் "இந்த ஊசி வேலை செய்யலை"ன்னு குறை சொல்லிட்டே இருப்பாங்க. கடையில ரெண்டாவது ஊசிக்கு ஆள் வரலைன்னா ஒரு ஃபோன் போட்டுக் கேக்கறது நல்லது.

சஸ்டனான் 250ல புரோப்பியோனேட் 30, ஃபீனைல்புரோப்பியோனேட் 60, ஐசோகாப்ரோயேட் 60, டெக்கனோயேட் 100. மொத்த ஹார்மோன் 176 மி.கி. சின்ன வால் முதல்ல வரும், பெரிய வால் பின்னாடி வரும், கோடு சமமாப் போகும்னு கணக்குப் போட்டாங்க. காகிதத்துல அழகு. நிசத்துல நாலும் முதல் நாளே ஒண்ணா விட ஆரம்பிக்குது, யாரும் வரிசையில நிக்கிறதில்லை. 24, 48 மணி நேரத்துல உச்சம், 21 நாள்ல இயல்போட அடிமட்டம். எனாந்தேட்டை விட இதுல பெரிய லாபம் எதுவும் எனக்குத் தெரியலை. முக்கியமான ஒண்ணு, இது கடலை எண்ணெயில கரைச்சது. நிலக்கடலை, சோயா ஒவ்வாமை உள்ளவங்களுக்குக் கூடாதுன்னு அதோட தாள்லயே இருக்கு. கடலைக்காய் விளையற ஊர்ல இதை யாரும் கேக்கறதில்லை, கேளுங்க.


ஊசி_அக்கா_பொள்ளாச்சி:

நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நாஞ் சொல்றனுங்க.

ஃபிரிட்ஜ்ல வெச்சுப் படிஞ்சதத் தூக்கிப் போட வேண்டாம். குளுருக்கு மருந்து எண்ணெய்ல இருந்து பிரிஞ்சு படிகமாயிருக்கு, கெட்டுப் போகல. ரெண்டு கைக்கும் நடுவுல வெச்சு உருட்டுங்க, இல்லீன்னா வெதுவெதுப்பான தண்ணிக்குள்ள கொஞ்ச நேரம் வெச்சு எடுத்து ஆட்டிப் பாருங்க. பூராத் தெளிஞ்சு, வெளிச்சத்துல பாத்தா ஒரு துகளும் இல்லீன்னா போடலாம். தெளியலீன்னா போடக்கூடாது. ஆம்பூல்ல கீறல் விட்டிருந்தாலும் வேண்டாம். அதுக்கப்பறம் 30 டிகிரிக்குக் கீழ, வெயில் படாத அலமாரில வெக்கச் சொல்லுங்க. சித்திரை மாசத்து ஓட்டு ஊடுன்னா உள்ரூம்புல, தகரக் கூரைக்குக் கீழ வேண்டவே வேண்டாம்.

எங்க போடறதுன்னா, ரெண்டு நிமிசம் பொறுமையாப் போடத் தெரிஞ்ச, போட்டதுக்கப்பறம் அரை மணி நேரம் உக்கார வெச்சுப் பாக்கற, மூச்சுத் திணறலோ கடும் அலர்ஜியோ வந்தா அட்ரினலினும் ஆக்சிஜனும் கைல இருக்கற எடத்துல போடோணும். இந்த மூணும் இருந்தா உள்ளூர்க் கிளினிக்கே போதும். இல்லீன்னா எழுதின டாக்டர்கிட்டயே போகட்டும். ஊட்டுல போட்டுக்கற ஊசி இது இல்லீங்க.

போடற மொற: 5 மி.லி. சிரிஞ்சு, இழுக்க 18 கேஜ். வெளக்கெண்ணெய் மெல்ல ஏறும், அவசரப்பட்டு இழுத்தா காத்துக் குமிழி நெறைய வரும். இழுத்ததும் ஊசிய மாத்திடுங்க. போட 21 கேஜ், ஒண்ணரை இஞ்சு. 23, 24ல எண்ணெய் எறங்காது, பிஸ்டன அமுக்கி அமுக்கிக் கடேசில ஊசி கழண்டு எண்ணெய் மூஞ்சிலதான் அடிக்கும். சிரிஞ்சு ஈரமில்லாம இருக்கோணும். தண்ணி பட்டா எண்ணெய் கலங்கும். வீரியம் போகாது, ஆனா கலங்கினத வெச்சுட்டு உள்ள வேற என்ன இருக்குதுன்னு பாக்க முடியாது. நெறச்சதும் போட்டுடோணும். பென்சைல் பென்சோயேட் ரப்பர ஊற வெக்கும், காலைல நெறச்சு சாயந்தரம் போடற வேல வேண்டாம்.

ஆளக் குப்புறப் படுக்க வெச்சோ, ஒருச்சாச்சோ போடுங்க, நின்னுக்கிட்டே வேண்டாம். புட்டத்துல மேல்-வெளிப் பக்கம், இல்லீன்னா இடுப்போரம் வென்ட்ரோகுளூட்டியல். இடுப்போரத்துல சயாட்டிக் நரம்பும் பெரிய ரத்தக் குழாயும் தூரம், எனக்குக் கேட்டா அதுதான் நல்லது. கைல, தொடைல 4 மி.லி. போடவே கூடாதுங்க. தோல ஒரு பக்கமா இழுத்துப் புடிச்சு, நேரா 90 டிகிரில முழுசா எறக்கி, பின்னால இழுத்துப் பாருங்க. தடுப்பூசிக்கு இப்ப இழுத்துப் பாக்கறதில்ல, ஆனா எண்ணெய்க்கு இது கட்டாயம். ரத்தம் வந்தா வெளிய எடுத்துடோணும். வரலீன்னா கடியாரத்தப் பாத்து ரெண்டு நிமிசம். முடிஞ்சதும் பத்து நொடி நிறுத்தி, எடுத்து, இழுத்துப் புடிச்ச தோல விட்டுடுங்க. எண்ணெய் வந்த வழில திரும்ப வராது.

பஞ்ச வெச்சு அமுக்குங்க, தேக்காதீங்க. நம்மூர்ல ஊசி போட்டா நல்லாத் தேச்சு உடோணும்னு ஒரு பழக்கம், போட்டவங்க தேக்கலீன்னா கூட வந்த அம்மாவே தேப்பாங்க. மேல சாரு சொன்ன அந்தக் குட்டையத் தேச்சுப் பரப்புனா ரத்தத்துக்குப் போற பரப்பு எச்சாகும், முன்னாடியே மருந்து வெளிய வந்துடும். ஊசி போட்ட எடத்துல அன்னைக்கு ஒத்தடமும் வேண்டாம்.

அரை மணி நேரம் ஏன் உக்கார வெக்கோணும்னா, எண்ணெய்த் துளி ஒண்ணு ரத்தக் குழாய்க்குள்ள போயி நுரையீரல்ல மாட்டும். உடனே இருமோணும் போல வரும், தொண்ட அடைக்கும், மூச்சு வாங்கும், வேர்க்கும், சில பேருக்கு தல சுத்தும். போட்ட கொஞ்ச நேரத்துலயே வரும், பெரும்பாலும் தானாக் கொறஞ்சுடும். ஆனா பஸ் ஸ்டாண்டுல நிக்கறப்ப வந்தா யாரு பாக்கறது? வேகமாப் போட்டா இது எச்சா வரும். அலர்ஜின்னா வேற மாதிரி, ஒடம்பெல்லாம் தடிப்பு, பிபி எறக்கம், அதுக்கு அட்ரினலின்.

கட்டி கட்டியா நிக்குதுன்னு வருவாங்க. காச்சல் இல்ல, செவப்பு இல்ல, வெறும் கெட்டின்னா பெரும்பாலும் எண்ணெய் மேலாப்புல நின்னுருக்கும்: ஊசி குட்டை, இல்லீன்னா ஆளுக்குக் கொழுப்பு எச்சா, இல்லீன்னா ஒரே பக்கம் திரும்பத் திரும்ப. எடது, வலதுன்னு மாத்தி மாத்திப் போட்டு அட்டைல குறிச்சுக் குடுங்க. மூணு மாசங் கழிச்சு எந்தப் பக்கம்னு யாருக்கும் நெனப்பு இருக்காது. சூடா, செவப்பா, வலி ஏறிட்டே போனா சீழ், அன்னைக்கே டாக்டரப் பாக்கோணும்.

இன்னொண்ணு. ஒரே குத்தோட போகட்டும்னு பி காம்ப்ளக்ஸ் ஊசியையும் இதோட ஒரே சிரிஞ்சுல இழுக்கறவங்க இருக்காங்க. அது தண்ணி, இது எண்ணெய். கூடவே கூடாது. ரத்தம் கட்டாம இருக்க வார்ஃபரின் சாப்புடறவங்கன்னா ஆழமா ஊசி போடறதுக்கு முன்ன டாக்டர்கிட்டக் கேட்டுக்கோங்க.


மருந்துக்கடை_கோபி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. அக்கா சொன்ன 21 கேஜ் ஒண்ணரை இஞ்சு எங்க கடைலயே இருந்ததில்ல, வாங்கி வெச்சாச்சு.

இன்னும் ரெண்டு கேள்விங்க. ரத்தத்துல டெஸ்டோஸ்டிரோன் பாக்கறத எந்த நாள்ல பாக்கோணும்? லேப்ல "எப்ப வேணாலும் காலைல வாங்க"ன்னு சொல்றாங்க. அப்பறம், ஊசிக்கு ஒரு வாரம், ரெண்டு வாரம் தள்ளிப் போனா பெருசா ஒண்ணும் ஆகாதுங்களா? நோம்பி, கல்யாணம்னு தள்ளிப் போட்டுட்டு வர்றாங்க.


எண்டோ_கோவை:

எந்த நாள் என்பதைத் தவறவிட்டால் அந்த ரிப்போர்ட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அண்டெக்கனோயேட் என்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன்பு, முடிந்தால் அதே நாள் காலையில் ரத்தம் எடுத்துவிட்டு ஊசி. எனாந்தேட், அதைப் போன்ற இன்னொரு எஸ்டரான சிப்பியோனேட் என்றால் இரண்டு ஊசிக்கும் நட்ட நடுவில். நடுவில் பார்க்கும்போது 350க்குக் கீழே, அல்லது 600 நானோகிராம்/டெசிலிட்டருக்கு மேலே இருந்தால் அளவையோ இடைவெளியையோ மாற்றுவோம். ஊசி போட்ட இரண்டாம் நாள் பரிசோதித்துவிட்டு "1,400 இருக்கிறது, நிறுத்திவிட்டேன்" என்று வருபவர்கள் உண்டு; அது எனாந்தேட்டின் உச்சம், அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. லேப் சீட்டில் கடைசி ஊசித் தேதியை எழுதச் சொல்லுங்கள்.

தள்ளிப் போவது: அண்டெக்கனோயேட்டுக்கு 10 முதல் 14 வாரம் வரை இடைவெளி இருக்கலாம், 12 என்று எழுதியிருந்தால் ஒன்றிரண்டு வாரம் தள்ளினால் குடி முழுகாது. ஆனால் ஆறாவது வார ஊசியைத் தள்ளக் கூடாது. எனாந்தேட்டில் ஒரு வாரம் தள்ளினாலே தெரியும், கணக்கு மேலே இருக்கிறது.

ஹீமட்டோக்ரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) மறக்காதீர்கள். தொடங்கும் முன், பிறகு 3 முதல் 6 மாதத்துக்குள், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை. 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்திவிட்டு, தூக்கத்தில் மூச்சுத் தடை போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்து, இறங்கிய பின் குறைந்த அளவில் தொடங்குவோம். மூணு மாத ஊசியின் குறையும் இங்கேதான்: போட்டதை வெளியே எடுக்க வழியில்லை. அதனால் வயதானவர்களுக்கும், புராஸ்டேட் பற்றிச் சந்தேகம் இருப்பவர்களுக்கும் முதலில் குறுகிய காலம் நிற்கும் மருந்தில் தொடங்குவதே சரி.

கடையில் உங்களால் செய்ய முடிந்த மிக முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. குழந்தை வேண்டும் என்று சிகிச்சையில் இருக்கும் இளைஞருக்கு, "உயிரணு குறைவு, ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் கூடும்" என்ற நினைப்பில் இந்தச் சீட்டு வந்தால் எழுதியவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். நடப்பது தலைகீழ். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் பிட்யூட்டரி சுரப்பி, விதையை வேலை செய்ய வைக்கும் எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்கள் இரண்டையும் நிறுத்திவிடும். விதைக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் அளவு சரிந்து, உயிரணு உற்பத்தி நிற்கும். எனாந்தேட் 200 மி.கி. வாராவாரம் என்பதை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்திருக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு மாதக்கணக்கில் திரும்பும். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறவர்களும் உண்டு.


திருப்பூர்_ஃபிட்:

அண்ணா, எங்க ஜிம்ல சஸ்டனான் வாரம் ஒண்ணு போடறாங்க. மூணு வாரம் தாங்கற மருந்தத்தான வாராவாரம் போடறாங்க, அது சேந்துக்கிட்டே போகாதா? இத யாருகிட்ட கேட்டாலும் சிரிக்கறாங்க.


பார்மகாலஜி_பெருந்துறை:

சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை தம்பி, சரியான கேள்வி. வாரத்துக்கு 176 மி.கி. ஹார்மோன்னா நாளைக்கு 25 மி.கி. உடம்பு தானா சுரக்கிறதுக்கு நாலு மடங்கு. இதுல டெக்கனோயேட் பங்கு மெதுவா வெளிய வர்றதால ஒவ்வொரு வாரமும் முந்தின வாரத்தோட மீதி மேல ஏறி உக்காரும், பல வாரம் கழிச்சுத்தான் ஒரு மட்டத்துல நிக்கும். அதுக்குள்ள விதை வேலையை நிறுத்திடும். எண்டோ சார் சொன்ன ஹீமட்டோக்ரிட்டும் ஏறியிருக்கும், அதை அங்க யாரும் பார்க்கிறதில்லை. ஊசியை நிறுத்தினதும் வால் நீளமான எஸ்டர் தீர்ற வரைக்கும் பிட்யூட்டரி எந்திரிக்காது, தீர்ந்ததுக்கு அப்புறமும் சும்மா இருக்கிற காலம் ஒண்ணு வரும். ஆள் சோர்ந்து படுக்கிறது அப்பத்தான். டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாத மருந்து இது. சீட்டு இல்லாம கைமாறி வர்ற ஆம்பூல்ல எந்த எஸ்டர், எந்த எண்ணெய், சுத்தமானதான்னு ஒண்ணுக்கும் உத்தரவாதம் கிடையாது. ஏற்கெனவே போட்டிருந்தா மறைக்காம ஒரு எண்டோ டாக்டர்கிட்ட சொல்லி டெஸ்டோஸ்டிரோன், எல்எச், ஹீமட்டோக்ரிட், லிப்பிடு பாருங்க. திட்ட மாட்டாங்க.

குதிரைக்குன்னு தயாரிச்ச போல்டினோன் அண்டெசிலினேட்டும் இதே ரகம்தான், அதையும் ஜிம் வட்டாரத்துல கேக்கறாங்க. மனுசனுக்கு அளவு நிர்ணயிச்ச மருந்தே இல்லை அது.


விஎச்என்_தாராபுரம்:

இழைல பூரா ஆண் ஹார்மோனாவே இருக்குது, அதனால ஒண்ணு சேத்துக்கறனுங்க. அரசு ஆஸ்பத்திரில பொம்பளைங்களுக்கு இலவசமாப் போடற அந்தரா கருத்தடை ஊசியும் மூணு மாசந்தான். 2017ல இருந்து திட்டத்துல இருக்கு. மெட்ராக்சிபுரொஜெஸ்டிரோன் அசிடேட் 150 மி.கி., 1 மி.லி. பேருல அசிடேட் இருக்கறதால எங்க ட்ரெயினிங்லயே சில பேரு இதையும் எண்ணெய் ஊசின்னு நெனச்சுக்கறாங்க. இது தண்ணி மருந்துங்க. மேல சொன்ன மொறைல பாதி இதுக்குத் தலைகீழ்: போடறதுக்கு முன்ன வயல (மருந்துக் குப்பிய) நல்லாக் குலுக்கோணும், அடில ஒண்ணும் படிஞ்சிருக்கக் கூடாது, வெள்ளையா ஒரே மாதிரிக் கலங்கி இருக்கோணும். குலுக்காம மேல நிக்கற தண்ணிய மட்டும் இழுத்துப் போட்டா மருந்து வயல்லயே நின்னுக்கும், ஆளுக்குக் கம்மியாப் போகும், அப்பறம் ஊசி போட்டும் கர்ப்பம்னு வருவாங்க. இத ரெண்டு நிமிசமெல்லாம் மெதுவாப் போட வேண்டியதில்ல, நிறுத்தி நிறுத்திப் போட்டா ஊசில அடைச்சுக்கும். கைலயும் போடலாம். தேக்கக்கூடாதுங்கறது மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

தேதிக்கு ரெண்டு வாரம் முன்னயும் போட்டுக்கலாம், நாலு வாரம் வரைக்கும் தள்ளியும் போட்டுக்கலாம். அதுக்கும் மேலன்னா கர்ப்பம் இல்லீன்னு உறுதி பண்ணிட்டுப் போட்டு, ஏழு நாளைக்கு வேற பாதுகாப்பும் சேத்துக்கோணும். பாலூட்டற தாய்ன்னா பிரசவத்துக்கு ஆறு வாரங் கழிச்சு. ஊசிய நிறுத்திட்டுக் குழந்த வேணும்னா கடேசி ஊசில இருந்து சராசரியாப் பத்து மாசம் ஆகும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. இதச் சொல்லாம போட்டுட்டுத்தான் "ஊசி போட்டுக் கர்ப்பப் பையே கெட்டுப் போச்சு"ன்னு ஊருக்குள்ள பேச்சு வருது.


பார்மகாலஜி_பெருந்துறை:

தாராபுரம் அக்கா சொன்னது சரி, அதுல இன்னொரு வேறுபாடும் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் எஸ்டர்ல வால் போனாத்தான் மருந்து வேலை செய்யும். மெட்ராக்சிபுரொஜெஸ்டிரோன் அசிடேட்ல வால் அப்படியே இருக்கும், அசிடேட்டோட சேர்ந்ததுதான் மருந்தே. மூணு மாசம் நிக்கிறது வாலால இல்லை. நுண்படிகமா சதையில உக்காந்து மெதுவாக் கரையறதால, அரை ஆயுள் சுமார் 50 நாள். ஹைட்ராக்சிபுரொஜெஸ்டிரோன் கேப்ரோயேட்டும் வால் போகாமலேயே வேலை செய்யற வகை. ஆனா அது எண்ணெய் ஊசிதான்.

இந்தக் கேப்ரோயேட் 250, 500 உங்க கடையில நிறையப் போகும், குறைப்பிரசவம் ஆகாம இருக்கன்னு எழுதறது. அமெரிக்காவுல பெரிய ஆய்வுல பலன் நிரூபணம் ஆகலைன்னு 2023 ஏப்ரல்ல அனுமதியைத் திரும்ப எடுத்துட்டாங்க. இங்க இன்னும் எழுதறாங்க. மகப்பேறு டாக்டர் முடிவு அது, கடையில நின்னு மறுக்க வேண்டாம். போடற முறை மட்டும் மேல சொன்ன எண்ணெய் முறை, நல்லா மெதுவா, புட்டத்துல.


மருந்துக்கடை_கோபி:

அப்ப எண்ணெய் ஊசி கலங்கியிருந்தா போடக்கூடாது, அந்தரா தெளிஞ்சிருந்தா போடக்கூடாது. இந்த ஒரு வரிய அலமாரில ஒட்டி வெச்சுடறனுங்க. கேப்ரோயேட் எந்த எண்ணெய்ல கரைச்சது, அதுலயும் கடலை எண்ணெய் இருக்குதுங்களா?


பார்மகாலஜி_பெருந்துறை:

கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெரும்பாலும் விளக்கெண்ணெயும் பென்சைல் பென்சோயேட்டும். பெட்டிக்குள்ள இருக்கிற தாள்ல பாத்துட்டு, ஒவ்வாமைன்னு சொல்றவங்களுக்கு அந்த பேட்ச் பெட்டியையே காட்டிக் கொடுங்க. பிராண்டை மாத்திக் கொடுக்கிறப்ப மறுபடியும் பாருங்க, எண்ணெயும் மாறியிருக்கலாம்.